தேற்றாங்கொட்டையும் காந்தத் தூளும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குப் போன் போடுவது பெர்த்துக்கு வந்த நாளில் இருந்து மாறாத வழக்கம். இங்கே பத்தரை மணி என்றால் ஊரில் எட்டு. அம்மா இட்லி ஊற்றி இறக்கிவிட்டு, போனை சமையல்கட்டு ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி வந்தது.

"ஏஞ்சாமி, நீ தண்ணியப் பத்தித்தானே படிச்சே? இங்க ஒருத்தன் மிசினு கொண்டாந்து காட்டறான். காந்தமாமா, வெள்ளியாமா, நானோவாமா. கிருமி ஒண்ணு இருக்காதுங்கறான். பதினெட்டாயிரம். வாங்கலாமா வேண்டாமா?"

வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. காரணம், காந்தமும் தண்ணீரும்தான் எனக்கு இங்கே சோறு போடுகின்றன. நான் ஆணி பிடுங்குவது குடிதண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில். சரி, தங்கமணியும் பிள்ளைகளும் நீச்சல் வகுப்புக்குப் போயிருக்கிற இந்த நேரத்தில், அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன். கொசுவத்தி கொஞ்சம் சுற்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளாதான். ஆனால் பஸ் போர்டில் மலையாளமும் தமிழும் சேர்ந்தே இருக்கும், வீட்டுப் பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு. அப்பா தமிழ் மீடியம் அரசுப் பள்ளி வாத்தியார். கேரளாவில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் எங்கே இருக்கும்? பெரும்பாலும் எங்கள் பக்கம், இல்லையென்றால் இடுக்கி மலையில். அப்படி மாற்றலாகி இடுக்கிக்குப் போன இடத்தில்தான் அம்மாவைக் கட்டினார். அம்மாவின் ஆட்கள் கம்பத்தில் இருந்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறியவர்கள். எனக்குச் சமவெளியில் ஒரு ஆத்தா, மலையில் ஒரு அம்மாச்சி. இரண்டு பேருக்கும் தண்ணீர்தான் தலைவலி, ஆனால் ஒரே தலைவலி அல்ல.

ஆத்தா வீட்டில் மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் செம்மண் கரைசலாக வரும். மண்பானையின் உள்பக்கம் ஒரு தேற்றாங்கொட்டையை நாலு இழுப்பு இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பாள். காலையில் மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் சேறு. இது ஆத்தா கண்டுபிடித்த வித்தை இல்லை. கலங்கின நீர் இந்த விதையால் தெளிவதைக் கலித்தொகை உவமையாகவே சொல்கிறது என்றால் எத்தனை பழைய விஷயம் என்று பாருங்கள். அழுகிற பிள்ளையைத் 'தேற்றுவது', நோயில் இருந்து 'தேறுவது' என்றெல்லாம் சொல்கிறோமே, கலங்கினது தெளிவதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

அந்த விதைக்குள் இருப்பது நீளமான சங்கிலி மூலக்கூறுகள். சர்க்கரைச் சங்கிலியும் புரதமும். அதாவது பாலிமர். களிமண் துகள்கள் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடி இருக்கும். இந்தச் சங்கிலிகள் அவற்றைப் பிடித்துக் கட்டிக் கனமாக்கி அடியில் இறக்குகின்றன. ஆத்தா செய்தது பாலிமர் வேதியியல்தான். பாவம், அவளுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

அம்மாச்சியின் தண்ணீர் வேறு ரகம். மலை ஓடைத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். 1960களில், இடுக்கி என்று ஒரு மாவட்டமே இல்லாத காலத்தில் (அது 1972 ஜனவரியில்தான் பிறந்தது), லயத்துக்கு மேலே ஓடை, ஓடைக்கும் மேலே இன்னொரு லயம். மேலே இருப்பவர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு ஆடி மழையில் அம்மாவின் தம்பி, நாலு வயசு, இரண்டே நாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அவனுக்கு ஒரு போட்டோ கூட இல்லை. அம்மாச்சி சாகிறவரை எந்தத் தண்ணீரையும் கொதிக்க வைக்காமல் எங்களுக்குக் கொடுத்ததில்லை. அம்மாவும் அப்படித்தான். 'கிருமி' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இருக்கும் கனம் அதுதான். அந்த விற்பனைக்காரர் அந்தச் சொல்லைச் சொன்னவுடன் அம்மா பாதி விழுந்துவிட்டாள் என்பது எனக்குப் போனிலேயே தெரிந்தது.

இனி காந்தத்துக்கு வருவோம்.

காந்தக்கல் என்று நாம் சொல்வதன் வேதிப்பெயர் மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கருப்புத் தாது. நமக்கு அந்நியம் இல்லை. சேலத்துக் கஞ்சமலை முழுக்க இதுதான். 1830களில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது சேலத்துத் தாதுவை நம்பித்தான் வைத்தார். ஆனால் இந்தக் கல்லை அரைத்துத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று யோசிக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

1963-ல் நாசாவின் கிளீவ்லாந்து ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் பாபெல் என்பவருக்கு ஒரு சிக்கல். விண்வெளியில் எடை இல்லை. ராக்கெட் எரிபொருள் தொட்டியில் அங்கங்கே மிதக்கும், குழாய்ப் பக்கம் வராது. அவர் மேக்னடைட்டை நாள்கணக்கில் ஆலையில் அரைத்து, ஒலியிக் அமிலம் பூசி (ஆலிவ் எண்ணெயில் நிறைய இருப்பது), எரிபொருளில் கலந்தார். இப்போது காந்தத்தைக் காட்டினால் எரிபொருளே ஓடி வரும். ராக்கெட்டில் அது பயன்படவில்லை. ஆனால் திரவத்தில் கரைந்தது போல மிதக்கும், காந்தத்துக்குக் கட்டுப்படும் துகள் என்ற எண்ணம் அங்கேதான் உருப்பெற்றது.

அடுத்த ஆள் நார்வேக்காரர், ஜான் உகெல்ஸ்டாட். 1970களின் நடுவில் எல்லாம் ஒரே அளவில் இருக்கும் பாலிமர் மணிகளைச் செய்து காட்டினார். புவியீர்ப்பு இருக்கும் இடத்தில் இதைச் செய்யவே முடியாது, விண்வெளிக்குப் போனால்தான் உண்டு என்று பெரிய ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். பிறகு அந்த மணிகளின் நுண்துளைகளுக்குள் இரும்பு ஆக்சைடை வளர்த்தார். வெளியே பாலிமர், உள்ளே காந்தம். 1980களில் லண்டனில் இதை வைத்துக் குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையில் இருந்து புற்றுநோய்ச் செல்களைப் பொறுக்கி எடுத்தார்கள். கல்லூரியில் இதை முதன்முதலாகப் படித்த அன்று, அரிசியில் கல் பொறுக்கும் அம்மாச்சிதான் நினைவுக்கு வந்தாள்.

1981-ல் ரெனே மசார் என்ற பிரெஞ்சுக்காரர் அரைக்கிற வேலையே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார். இரண்டு வகை இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்து, காரத்தை ஊற்றினால் போதும், பத்து நானோமீட்டர் அளவில் மேக்னடைட் தானாக விழும். ஒரு தலைமுடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்று உலகத்தின் எந்தக் கல்லூரியில் காந்த நானோ என்று ஆராய்ச்சி நடந்தாலும் பெரும்பாலும் இந்தச் சமையல் குறிப்புதான்.

இதற்கிடையே நான் இப்போது இருக்கும் நாட்டில் ஒரு தனிக்கதை நடந்தது. மெல்பர்னில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் டான் வைஸ், பிரையன் போல்டோ முதலானவர்கள் 1970களில் மேக்னடைட் தூளை நேரடியாகக் குடிதண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் அமிலம் சேர்த்தால் தூளின் மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெறுகிறது. சேறு, செடி மக்கிய நிறம், பாக்டீரியா எல்லாம் எதிர்மின்னேற்றம் உள்ளவை. போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு காந்தத்தைக் காட்டினால் எல்லாம் சேர்ந்து திரண்டு வேகமாக அடியில் இறங்கும். காரத்தில் கழுவினால் ஒட்டினது உதிர்ந்து தூள் மறுபடி வேலைக்குத் தயார். சிரோஃப்ளாக் என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் இதே பெர்த்தில், மிர்ரபூக்காவில், ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் ஆலையாக அது ஓடியது. அதன் வாரிசாகக் காந்தம் பொதிந்த பாலிமர் பிசின் மணிகள் வந்தன. 2001-ல் பெர்த்தின் வன்னெரூவில் அதற்குப் பெரிய நிலையம் திறந்தார்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் செடி மக்கலை அந்த மணிகள் இழுத்துக்கொள்ளும், மணிகளை உப்புத் தண்ணீரில் கழுவித் திரும்பப் போடுவார்கள்.

தேற்றாங்கொட்டை செய்த அதே வேலை! பிடித்துக் கட்டு, அடியில் இறக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரியிடம் ஆத்தாவின் பானையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, விதையின் தாவரப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்குத்தான் அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கவனியுங்கள். இதுவரை சொன்னது எதுவும் கிருமியைக் கொல்லவில்லை. பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். கொல்வதற்கு வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் வெள்ளி.

வெள்ளிப் பாத்திரத்தில் பூஞ்சை வளர மறுக்கிறது என்று 1869-ல் பிரான்சில் ரௌலின் எழுதினார். 1880-ஐ ஒட்டி ஜெர்மனியில் டாக்டர் கிரெடே பிறந்த குழந்தைகளின் கண்ணில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டு, எத்தனையோ குழந்தைகளைக் குருடாகாமல் காப்பாற்றினார். நிலாவுக்குப் போன அப்போலோ கலங்களுக்காகக் குடிதண்ணீரில் வெள்ளி அயனிகளை விடும் சிறு கருவியை நாசா உருவாக்கியது. வெள்ளி அயனி பாக்டீரியாவின் புரதங்களில் இருக்கும் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு வேலை நின்றுபோகும். நம் வீட்டுச் செப்புக் குடமும் இந்த ஜாதிதான். பெங்களூரில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் போட்ட வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துப்போனதைக் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது மூன்றையும் சேருங்கள். உள்ளே காந்தம், சுற்றிப் பாலிமர், மேலே வெள்ளி. தண்ணீரில் தூவு, கிருமி சாகும், காந்தத்தை வைத்துத் தூளைத் திரும்ப எடு. இதுதான் காந்தப் பாலிமர் நானோ கலவை என்று கடந்த இருபது வருடமாக ஆராய்ச்சிக் கட்டுரைகள் மழையாகப் பொழியும் விஷயம். இடுக்கிக்கு அடுத்த கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில், துணைவேந்தராகவும் இருந்த சாபு தாமஸ் பாலிமர் நானோ கலவைகளுக்கென்றே பேர் பெற்ற ஆய்வுக்கூடம் ஒன்றை வளர்த்தெடுத்தார். இந்தத் துறையில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அவர் பெயர் கண்ணில் படும்.

நானும் முதுகலையில் இதைச் செய்திருக்கிறேன். செய்முறை சொல்கிறேன், ரசம் வைப்பது மாதிரிதான். ஃபெர்ரிக் குளோரைடு இரண்டு பங்கு, ஃபெர்ரஸ் சல்ஃபேட் ஒரு பங்கு, தண்ணீரில் கரைத்து, காற்று புகாமல் நைட்ரஜன் வாயுவைக் குமிழ விட்டுக்கொண்டே அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆரஞ்சு நிறம் கண்மை போலக் கருத்துவிடும். முதல் தடவை நைட்ரஜன் குழாய் கழன்று கிடந்ததைக் கவனிக்காமல் விட்டேன். வந்தது கருப்பு இல்லை, ஆத்தா வீட்டுச் செம்மண் தண்ணீர் நிறம். காந்தத்தைக் காட்டினேன், அசையவில்லை. காற்று உள்ளே போனால் ஃபெர்ரஸ் எல்லாம் ஃபெர்ரிக் ஆகி வெறும் துருதான் மிஞ்சும்.

கருப்பு வந்த பிறகு பூச்சு. நான் போட்டது கைட்டோசான். இறால் ஓட்டில் இருந்து எடுப்பது. ஓட்டை நீர்த்த அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் புரதத்தை நீக்கினால் கைட்டின். அதையே அடர்த்தியான சூடான காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான். இந்தியாவில் இந்த வேலைக்கு வழிபோட்டது கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். குப்பையில் நாறிக்கொண்டிருந்த இறால் ஓட்டைக் காசாக்கின புண்ணியவான்கள். கைட்டோசான் வினிகர் மாதிரி லேசான அமிலத்தில் கரையும், நேர்மின்னேற்றம் கொண்டது, தானே கொஞ்சம் கிருமியையும் முடக்கும். அதோடு வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்துச் சூடாக்கினால், கரைசல் மெல்ல இளமஞ்சளாக மாறும். வெள்ளி நானோ உருவானதற்கு அந்த மஞ்சள்தான் சாட்சி.

இத்தனை சிறிய காந்தம் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுவதில்லை என்று கேட்கலாம். அப்பாவின் பள்ளிக்கூட மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் திசைக்கொருவராக ஓடிக்கொண்டிருக்கும். வாத்தியார் விசில் அடித்தால் வரிசை. விசில் நின்றால் மறுபடி சிதறல். இந்த அளவுத் துகள்கள் வெளிக்காந்தம் இருக்கும்வரைதான் காந்தம், எடுத்துவிட்டால் பழைய ஆட்டம். பெரிய துகளாக இருந்தால் விசில் நின்ற பிறகும் வரிசை கலையாது.

பரிசோதனையில் ஈ. கோலை பாக்டீரியாவை வடிநீரில் விட்டு இந்தத் தூளைப் போட்டேன். மறுநாள் தட்டில் ஒரு புள்ளி கூட இல்லை. துள்ளிக் குதித்தேன். பிறகு வழிகாட்டி, "இதையே பக்கத்து ஏரித் தண்ணீரில் செய்" என்றார். செய்தேன். தட்டு முழுக்கப் புள்ளி.

ஏன்? நிஜத் தண்ணீரில் குளோரைடு உண்டு, அது வெள்ளியைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். செடி மக்கல் துகளின் மேல் படிந்து மூடிவிடும். கடினத்தன்மை இருந்தால் சுண்ணாம்புப் படிவு. எங்கள் சித்தூர்ப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரில் சோறு வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை வரி நிற்கும், சோப்பு நுரைக்காது. வெள்ளி அங்கே எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? தூள் காந்தத்துக்குத் தப்பினால் வயிற்றுக்குள் போவது யார்? போதாததற்கு, பாக்டீரியா சும்மா இருக்காது. 1975-லேயே பாஸ்டனில் தீப்புண் நோயாளிகளின் வார்டில் வெள்ளிக்கே அசராத சால்மோனெல்லா தலைகாட்டிவிட்டது.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரைச் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் டி. பிரதீப். மலப்புறம் மாவட்டம் பந்தாவூர்க்காரர், அப்பா அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள் (வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்குக் கூடுதல் பாசம்). 2003-ல் அவரும் ஸ்ரீகுமாரன் நாயரும் வெள்ளி, தங்க நானோ துகள்கள் குளோரின் கொண்ட சேர்மங்களைச் சிதைப்பதைக் காட்டினார்கள். அந்த வழியில் போய் எண்டோசல்பான், மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிமருந்துகளைத் தண்ணீரில் இருந்து நீக்கும் வடிகட்டியும் சந்தைக்கு வந்தது. ஏலக்காய் தின்னும் உங்களுக்கு ஏலத்தோட்டத்தில் எத்தனை தடவை மருந்தடிப்பார்கள் என்று தெரியாமல் இருக்கலாம். என் அம்மாவுக்குத் தெரியும்.

2013-ல் அவர் குழு வெளியிட்டது இன்னும் பெரிய விஷயம். அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடும் கைட்டோசானும் சேர்ந்த, ஆற்று மணல் மாதிரியே இருக்கும் ஒரு நானோ கலவை. அதற்குள் வெள்ளி. சுண்ணாம்பும் மற்றதும் வெள்ளியின் மேல் படிந்துவிடாமல் அந்தக் கூடு காப்பாற்றுகிறது, அயனி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து கசிகிறது. இந்தியத் தர அளவுகோல் வெள்ளிக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். கசிவு அதற்குள்ளேயே அடங்கும். தயாரிக்க மின்சாரமும் வேண்டாம், தண்ணீரிலேயே செய்யலாம். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு இரண்டரை டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். இதே பாணியில் இரும்புச் சேர்மத்தை வைத்து ஆர்செனிக்கை நீக்கும் 'அம்ரித்' வந்தது, மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் தாக்கிய ஊர்களுக்குப் போனது. 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் காந்தத்தைப் பயன்படுத்தவே இல்லை. தூளாகத் தூவித் திரும்பப் பிடிப்பதைவிட, மணலாக ஆக்கி இருந்த இடத்திலேயே வைத்துத் தண்ணீரை ஓடவிட்டார். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், நான் காந்தக் கட்சி. ஆனால் ஒரு கிராமத்து வீட்டில் எது நடக்கும் என்று கேட்டால் அவர் செய்ததுதான் சரி. ஆத்தாவிடம் போய்க் காந்தத்தால் தூளைப் பிடித்து, கழுவி, காயவைத்து எடுத்து வை என்றால் என்னையே கழுவி ஊற்றியிருப்பாள்.

காந்தக் கட்சிக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. முருங்கை விதை! சூடானில் பெண்கள் நைல் தண்ணீரைத் தெளிய வைக்க அதை இடித்துப் போடுவதை 1970களில் சாமியா அல் அசாரியா யான் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். அதில் இருக்கும் சிறு புரதம் நேர்மின்னேற்றம் கொண்டது. சேற்றை இறக்குவதோடு பாக்டீரியாவின் தோலையும் குலைத்துக் கொல்கிறது. 2012-ஐ ஒட்டி ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழகத்தில் அந்தப் புரதத்தைக் காந்த நானோ துகளில் ஏற்றித் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். அதே சமயம் அமெரிக்காவில் பென் ஸ்டேட்டில் அதே புரதத்தைச் சாதாரண மணலில் ஏற்றிக் கிருமி கொல்லும் மணல் செய்தார்கள். நம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் நிற்கும் பி.கே.எம்.-1 முருங்கை, பெரியகுளத்தில் 1989-ல் வெளியிட்ட ரகம்.

சரி, அம்மாவின் கேள்வி. விற்பனைக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா சாதாரணமாக ஒன்று சொன்னாள். "பாப்பா பல்லுல பழுப்பா கறை வருது, அதுக்கும் இது கேக்கும்னு சொல்றான்." பாப்பா என்பது தங்கை மகள். ஒன்பது வயசு. நான் வீடியோவைப் போடச் சொன்னேன். முன்பல் இரண்டிலும் பழுப்புக் கோடு.

கிருமி, கிருமி என்று எங்கள் குடும்பமே ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னொரு பக்கம் கோட்டை விட்டிருக்கிறோம். அது ஃபுளோரைடு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கு ஓரம், மழை நிழல். கேரளா என்றால் எங்கும் பச்சை என்று நினைப்பவர்கள் ஏப்ரலில் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து பார்க்கலாம். திறந்த கிணறுகள் வற்ற வற்ற, ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கும் பிளாச்சிமடை கதை உலகத்துக்கே தெரியும். 2000-ல் கோக்கோ கோலா ஆலை வந்தது. 2002 ஏப்ரல் 22-ல், தமிழ் பேசும் இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மாவும் அவருடைய ஆட்களும் கிணறு கெட்டுப்போனது என்று ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2003-ல் பி.பி.சி. வானொலி, ஆலை உரமென்று கொடுத்த கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதாகப் பரிசோதித்துச் சொன்னது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-ல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்று கணக்கிட்டது. சட்டசபை 2011-ல் தீர்ப்பாயம் அமைக்க மசோதாவும் போட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் போராட்ட நாட்களில் நான் கல்லூரியில் இருந்தேன். பேருந்தில் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் போவேன். ஒரு நாளும் இறங்கியதில்லை. தண்ணீர் படித்துக்கொண்டிருந்தேனே தவிர, தண்ணீருக்காக உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் போகத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுக் கிணறு வற்றினது பல வருடம் கழித்து, 2016 வறட்சியில். அப்பா ஓய்வுக்குப் பிறகு வந்த பணத்தில் ஆழமாகத் துளை போட்டார். நல்ல தண்ணீர், கலங்கலே இல்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். நான் பெர்த்தில் இருந்தபடி பாதிப் பணம் அனுப்பினேன். ஆழத்தில் பாறைகளோடு நெடுங்காலம் ஊறிக் கிடக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கலாம், கிழக்குப் பாலக்காட்டில் அது பதிவான விஷயம் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். பரிசோதிக்கச் சொல்ல வாய் வரவில்லை. பாப்பா அப்போது கைக்குழந்தை. நிரந்தரப் பல்லின் மேல்பூச்சு ஈறுக்குள் உருவாகும் வருடங்கள் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள், அதுவும் அம்மா பக்தியோடு கொதிக்கவைத்துக் கொடுத்ததை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிற அளவுக்கு அது கூடத்தான் செய்யும். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தேன்.

அப்பா இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 1.5 வரை. எங்களுடையது அதையும் தாண்டி நின்றது. ஈ. கோலை? இல்லவே இல்லை. அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் இயந்திரம் இல்லாத எதிரியைக் கொல்ல வந்திருக்கிறது. காந்தமும் வெள்ளியும் ஃபுளோரைடுக்கு ஆகாது. அதற்கு அலுமினியச் சேர்மம் வேண்டும், அல்லது நாக்பூர் நீரி நிறுவனத்தின் நல்கொண்டா முறைப்படி படிகாரமும் சுண்ணாம்பும், அல்லது சவ்வு வடிகட்டி. இதில் எதுவும் இல்லாமலே எங்களுக்கு ஒரு வழி இருந்தது. அணைத் தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. கலங்கலாக இருக்கிறது என்று தென்னைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது குடிக்கவும் சமைக்கவும் அதுதான். ஆழ்துளைத் தண்ணீர் துவைக்கவும் தென்னைக்கும். கலங்கலுக்கு அம்மா பரணில் இருந்து ஆத்தாவின் தேற்றாங்கொட்டை டப்பாவைத் தேடி எடுத்திருக்கிறாள். தெளிந்த பிறகு கொதிக்க வைக்கிறாள். இந்தத் தண்ணீருக்கு அது வேண்டியதுதான். கொதிக்க வைத்ததால்தான் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆழ்துளைத் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி என்று மட்டும் சொன்னேன். ஆனால் அப்பா வாத்தியார், அறிக்கையைக் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்திருப்பார்.

நேற்று பாப்பா வீடியோவில் வந்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நான் மேசையில் இருந்த சின்னக் குப்பியை எடுத்து, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே இருக்கும் கருப்புத் திரவம் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. அவளுக்குக் கண் விரிந்தது. கை வாயில் இருந்து இறங்கியது.

"மாமா, இதப் பல்லுல தடவிக் காந்தத்த வெச்சா அந்தக் கறைய இழுத்துருங்களா?"

"இழுக்காது கண்ணு."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "செரி, அந்த முள்ளு வர்றத இன்னொருக்கா காட்டுங்க."

காட்டினேன்.